இரத்தத்தைக் காந்தத்திடம் காட்டிய கொல்லர் மகன்

படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியா இரத்தப் பரிசோதனை நடப்பது சில ஆண்டுகளாக நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. பாரம் வீட்டுக்கு வரும். பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். ஊசியைக் கண்டதும் வகுப்பில் இரண்டு பேருக்குத் தலை சுற்றும். முடிவு வந்த பிறகு பெரும்பாலோர் அந்தத் தாளைப் பையில் போட்டு மறந்துவிடுவார்கள்.

அந்த நோய் முழுமையாகத் தாக்கிய குழந்தை மாதம் தவறாமல் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் வாழ வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் உள்ளே போகிறது. அந்த இரும்பு இதயத்தில் தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்று உடலைக் கீறாமல் எம்ஆர்ஐ கருவியால் அதை அளக்கிறார்கள். அந்த அளவீடு எங்கிருந்து தொடங்குகிறது என்று தேடிக்கொண்டு போனால், 1867-ஆம் ஆண்டில் இறந்துபோன ஒருவரிடம் போய் நிற்கிறோம். அவர் மருத்துவர் அல்லர். எஸ்பிஎம் இயற்பியல் படித்த எல்லாருக்கும் அவர் பெயர் தெரியும். ஆனால் இரத்தத்தோடு சேர்த்து அவரை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்தான் மைக்கேல் பாரடே.

1791 செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் நகரின் தெற்கே பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் இரும்பு அடிக்கும் கொல்லர். உடல்நலம் குன்றியவர் என்பதால் பல நாள் வேலைக்குப் போக முடியாது. ஒரு முழு ரொட்டியை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள் என்று பையன் கையில் கொடுத்த காலமும் அந்த வீட்டில் இருந்தது. எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போடத் தெரிந்ததும் பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் வேலை கற்கச் சேர்ந்தார். ஒப்பந்தம் 7 ஆண்டுகள்.

நம் தாத்தா பாட்டி தலைமுறைக்கு இந்தக் கதை புதிதல்ல. பேராக் தோட்டங்களில் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, விடிவதற்குள் பால் வெட்டப் போனவர்கள் எத்தனையோ பேர். பாரடேவுக்கு ஒரு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கட்டுவதற்காகக் கடைக்கு வரும் புத்தகங்களைப் படிக்க முதலாளி தடை சொல்லவில்லை. கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியில் மின்சாரம் பற்றிய கட்டுரையையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலையும் அவர் அப்படித்தான் படித்தார். படித்ததைச் சோதித்துப் பார்க்கக் கைக்குக் கிடைத்த சாமான்களை வைத்துக் கருவி செய்தார். மாலை நேர அறிவியல் சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தந்தையைப் போலவே கொல்லரான அண்ணன் ராபர்ட் அந்தக் காசைக் கொடுத்தார். என் கணக்கில் பாரடே வரலாற்றின் முதல் கல்வி உதவிநிதி அந்த அண்ணன் கொடுத்ததுதான்.

1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தந்தார். டேவி அன்றைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேதியியலாளர். பாரடே கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தெளிவாகப் படியெடுத்து, தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பிவைத்தார். வேலை உடனே கிடைக்கவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு நீக்கப்பட்ட பிறகு, 1813 மார்ச் மாதம் அந்த இடம் அவருக்கு வந்தது. புட்டி கழுவுவதும் கருவி தூக்குவதும்தான் தொடக்கத்தில் வேலை. அதே ஆண்டு டேவியோடு ஐரோப்பியப் பயணம் போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகள் பலரை நேரில் பார்த்தது அந்தப் பயணத்தில்தான்.

அடுத்துச் சொல்லப்போவதைப் படித்தபோது நானே ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1824-இல் ஹைட்ரஜன் வாயுவை அடைத்துவைக்க ஒரு பை தேவைப்பட்டது. பாரடே இரண்டு ரப்பர் தகடுகளை எடுத்து, நடுவில் ஒட்டாமல் இருக்க மாவு தடவி, ஓரங்களை அழுத்தி ஒட்டினார். பிறந்தநாள் விழாவில் நாம் ஊதும் ரப்பர் பலூனின் மூதாதை அது. 1826-இல், அமெரிக்கக் கண்டத்திலிருந்து புட்டியில் அடைத்து வந்த மரப்பாலைப் பகுத்தாய்ந்து, ரப்பரில் 5 கார்பனுக்கு 8 ஹைட்ரஜன் என்ற விகிதம் இருப்பதைக் காட்டினார். கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது 1877-இல்தான். ஆக, பேராக்கில் ஒரு மரம் வேர் விடுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, நம் முன்னோர் பின்னாளில் வாளியில் சுமந்த பாலுக்குள் என்ன இருக்கிறது என்று இவர் எழுதிவைத்துவிட்டார். 1848-இல் மலாயாக் காடுகளிலிருந்து போன கெட்டா பெர்ச்சா என்ற மரப்பிசின் மின்சாரத்தைக் கசியவிடாது என்று அவர் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு மேலுறையானது அதே பிசின்தான்.

பாரடேவின் பெரும்புகழுக்குக் காரணமான சோதனை 1831 ஆகஸ்ட் 29-ஆம் நாள் நடந்தது. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பியைச் சுற்றினார். ஒரு பக்கம் மின்சாரத்தை விடும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மறுபக்கக் கம்பியில் மின்சாரம் துடித்தது. காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதே மின்காந்தத் தூண்டல். தெனாகா நேஷனல் மின்நிலையம் முதல் கைப்பேசியின் கம்பியில்லா சார்ஜர் வரை இந்த விதிதான் வேலை செய்கிறது. இதெல்லாம் பாடநூலில் இருப்பதால் நீட்டவில்லை. 1836-இல் அவர் செய்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 12 அடி உயரத்தில், உலோகத்தால் சூழப்பட்ட ஒரு பெரிய கூண்டு கட்டி, வெளியே பலமான மின்பொறி பறக்கவிட்டு, தான் உள்ளே போய் நின்றுகொண்டார். உள்ளே ஒன்றும் தாக்கவில்லை. இதைத்தான் பாரடே கூண்டு என்கிறோம். கொஞ்சம் கழித்து இந்தக் கூண்டுக்குத் திரும்பி வருவோம்.

இவ்வளவும் செய்தவருக்கு உயர்கணிதம் தெரியாது. அவருடைய கட்டுரைகளில் சமன்பாடுகளைத் தேடினால் கிடைக்காது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைவு வளைவாக நிற்பதைப் பார்த்து, விசைக்கோடுகள் என்று மனத்தில் படமாக வைத்தே அவர் யோசித்தார். பின்னாளில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற இளைஞர்தான் அந்தப் படங்களைக் கணிதமாக்கினார். கூடுதல் கணிதம் வராது என்பதால் அறிவியலே வராது என்று ஒதுங்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உடல்நலம் கெட்டது. தலைசுற்றலும் மறதியும் வந்தன. சில ஆண்டுகள் ஆய்வே பெரும்பாலும் நின்றுபோனது. 1845-இல் மீண்டும் எழுந்தார். ஈயம் கலந்த கனமான ஒரு கண்ணாடித் துண்டைப் பட்டு நூலில் கட்டி, பலமான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இரும்பாக இருந்தால் முனைகளை நோக்கித் திரும்பி நிற்கும். கண்ணாடியோ குறுக்கே திரும்பி நின்றது. அதாவது காந்தம் அதை இழுக்கவில்லை, மிக மெல்லத் தள்ளியது. இதை டயா காந்தத்தன்மை என்கிறோம். மெல்ல இழுக்கப்படும் பொருள்களுக்குப் பாரா காந்தப் பொருள்கள் என்ற பெயர் பின்னர் வந்தது.

இப்படி ஒன்று கண்ணில் பட்டதும், கைக்கு எட்டிய எல்லாவற்றையும் தொங்கவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். மரம், தந்தம், தோல், ரொட்டி, ஆப்பிள், மாட்டிறைச்சி என்று போகும் அந்தப் பட்டியலில் இரத்தமும் இருக்கிறது. புதிய இரத்தம், உலர்ந்த இரத்தம் இரண்டையும் சோதித்தார். இரத்தத்தில் இரும்பு இருப்பது அதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. எரித்த இரத்தத்தின் சாம்பலில் காந்தம் ஒட்டும் துகள்களை இத்தாலியில் கண்டிருந்தார்கள். எனவே இரத்தமும் காந்தத்தை நோக்கித் திரும்பும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. அது திரும்பவில்லை. கண்ணாடியைப் போலவே குறுக்கே நின்றது. ஒரு மனிதனையே அப்படித் தொங்கவிட முடிந்தால் அவனும் குறுக்கேதான் நிற்பான் என்று பாரடே தம் கட்டுரையில் எழுதினார்.

இரும்பு இருக்கிறது, ஆனால் காந்தத்துக்கு அகப்படவில்லை. ஏன்? அன்று அணுவின் அமைப்பே தெரியாது, எனவே விடையும் இல்லை. 1936-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் அதற்கு விடை கண்டார்கள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்போது அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் இணையாகச் சேர்ந்து காந்தத்தன்மையை மறைத்துவிடுகின்றன. ஆக்சிஜனை விட்டதும் இணை பிரிந்த எலக்ட்ரான்கள் தோன்றுகின்றன, அப்போது ஹீமோகுளோபின் பாரா காந்தப் பொருளாகிறது. இருந்தும் இரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால், மொத்தத்தில் தள்ளும் குணமே மேலோங்கி நிற்கிறது.

இரும்பு எந்த நிலையில், எந்தக் கூட்டில் இருக்கிறது என்பதைக் காந்தம் பிரித்துக் காட்டும் என்ற செய்திதான் தலசீமியா குழந்தைகளுக்கு இன்று உதவுகிறது.

சோகை என்றாலே நம் வீட்டுப் பாட்டிகளுக்கு முருங்கைக்கீரைதான் நினைவுக்கு வரும். மருந்துக்கடையில் கேட்டால் இரும்பு மாத்திரை தருவார்கள். அந்தக் காலத் தோட்டங்களில் பிள்ளை வெளிறிப்போனால் மலேரியா அல்லது கொக்கிப்புழு என்று நினைத்தார்கள், பெரும்பாலும் அதுவே உண்மையாகவும் இருந்தது. தலசீமியா வேறு வகை. அதில் இரும்புக்குக் குறைவில்லை. ஹீமோகுளோபினைக் கட்டும் புரதச் சங்கிலிகளில் ஒன்றைப் போதுமான அளவு செய்யும் கட்டளை மரபணுவில் பழுதாகியிருக்கிறது. ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டும் பழுது வந்தால் அவர் சுமப்பாளர். சுமப்பாளருக்குப் பொதுவாக ஒரு தொல்லையும் இராது. சுமப்பாளர் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், சபாவின் கடஸான்டூசுன் மக்கள் ஆகியோரிடம் இது அதிகம். இந்தியரிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

1950-களின் இறுதியில் டேவிட் வெதரால் என்ற இளம் ராணுவ மருத்துவர் சிங்கப்பூர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றினார். மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. கூர்க்கா வீரர் ஒருவரின் குழந்தை இரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும் என்ற நிலையில் அவரிடம் வந்தது. அது தலசீமியா என்று கண்டுபிடித்த அவர், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்நோயையே ஆராய்ந்தார். இந்த வட்டாரத்தில் இந்நோயின் கதை அவ்வளவு பழையது.

ஒரு பை இரத்தத்தில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடல் ஒரு நாளில் வெளியேற்றுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியே அனுப்ப உடலுக்கு வழி கிடையாது. நல்ல உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்பு இருக்கும் இடத்தில், சில ஆண்டுகளில் அதைப்போல் பல மடங்கு சேர்ந்துவிடுகிறது. முதலில் கல்லீரல் நிறையும். பிறகு கணையம், மூளையடிச் சுரப்பி, இதயம். குழந்தையின் வளர்ச்சி நிற்கும், பூப்பெய்துவது தள்ளிப்போகும். கடைசியில் இதயம் களைத்து நிற்கும். இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. பழைய மருந்தைத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சிறு பம்பு வழியாக 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 இரவுக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை நண்பர்களோடு முகாமுக்குப் போகும் இரவில் அந்தப் பம்பை எடுத்துப் போவானா? இப்போது மாத்திரைகளும் வந்துவிட்டன. அவற்றையும் நாள் தவறாமல் விழுங்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு மருந்து என்று முடிவு செய்ய, இரும்பு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரத்தத்தில் பெரிட்டின் அளவைப் பார்த்தால் பொதுவான நிலை தெரியும், இதயத்தின் நிலை தெரியாது. கல்லீரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். இதயத்தில் அப்படி அடிக்கடி செய்ய முடியுமா? அதைவிட மோசம், கல்லீரல் சுத்தமாக இருக்கும் ஒருவரின் இதயத்தில் இரும்பு குவிந்திருக்கக்கூடும். வெளியே நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் திடீரென்று இதயம் செயலிழந்து விழுவதற்கு இதுவே காரணமாக இருந்தது.

எம்ஆர்ஐ கருவி நம் உடலிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை நுண்ணிய காந்தங்களாக எடுத்துக்கொள்கிறது. பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து, வானொலி அலையால் அவற்றைத் தட்டி எழுப்பினால், அவை ஒன்றாகச் சுழன்று கொஞ்ச நேரத்தில் ஒழுங்கு குலைந்து அடங்கும். அந்தச் சுழற்சி அருகிலுள்ள கம்பிச்சுருளில் மிகச் சிறிய மின்சாரத்தைத் தூண்டும். 1831-இல் பாரடே கண்ட அதே தூண்டல். வெளியேயிருக்கும் வானொலி அலைகள் கலந்து கெடுக்காதிருக்க அறையைச் சுற்றிலும் செம்புத் தகடு பதிக்கிறார்கள். அந்த அறையே ஒரு பாரடே கூண்டு. திசுவில் சேர்ந்து கிடக்கும் இரும்போ ஹீமோகுளோபினில் உள்ளதைப் போல ஒளிந்துகொள்வதில்லை. அது காந்தத்துக்கு அகப்படும் வகை. தன்னைச் சுற்றியுள்ள புலத்தை அது கலைத்துவிடுவதால், அங்கே சமிக்ஞை சீக்கிரம் அடங்குகிறது. இரும்பு கூடக் கூட அடங்கும் நேரம் குறைகிறது.

அந்த நேரத்தை டி2 ஸ்டார் என்ற பெயரில் மில்லி விநாடியில் அளக்கிறார்கள். நல்ல இதயத்தில் அது 40-ஐ ஒட்டி இருக்கும். 20-க்குக் கீழே போனால் இரும்பு சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். 10-க்கும் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து மிக அதிகம், மருந்தை உடனே கூட்ட வேண்டும். 2001-இல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஒரே மூச்சை அடக்கியிருக்கும் நேரத்தில் இதயத்தின் அளவு எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் தலசீமியா நோயாளிகள் இதய நோயால் இறப்பது அதன்பின் வெகுவாகக் குறைந்தது. மாத்திரையை விட்டுவிட்டு அம்மாவிடம் பொய் சொல்லும் பிள்ளையும், அடுத்த ஆண்டு திரையில் 18 என்ற எண் 11 ஆகி நிற்பதைப் பார்க்கும்போது மருத்துவரிடம் வாதாட முடியாது.

இதில் எதையும் பாரடே பார்க்கவில்லை. அவர் இறந்து 28 ஆண்டுகள் கழித்துத்தான் எக்ஸ்-ரேயே வந்தது. 1845-க்குப் பின் அவருடைய நினைவாற்றல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. முந்தைய வாரம் செய்த சோதனையைக்கூட மறந்துபோய் மீண்டும் செய்ய நேர்ந்ததால், ஒவ்வொரு சோதனைக்கும் எண் போட்டுக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கமே அவருக்குத் துணையாக நின்றது. அந்த எண்கள் 16,000-ஐத் தாண்டிப் போகின்றன. குழந்தைகளுக்காக அவர் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவில் 19 முறை அவரே பேசினார். அந்தச் சொற்பொழிவு இன்றும் நடக்கிறது. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது, சர் பட்டம் தருவதாகச் சொன்னார்கள், இரண்டையும் வேண்டாம் என்றார். சிறிய கிறிஸ்துவச் சபை ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், எளிமை அங்கிருந்து வந்தது. 1821-இல் மணந்த மனைவி சாராவுடன் கடைசிவரை வாழ்ந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1858-இல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார்.

அந்த வீட்டில் 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. நியூட்டன் அடக்கமான வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவரைப் புதைக்கவில்லை. ஹைகேட் கல்லறையில் அவருடைய கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.